நாக்குக்குப் பூணூல்

ஸ்ரீரங்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடி. சனிக்கிழமை சாயங்காலம். எதிரே பதின்மூன்று நிலை ராஜகோபுரம் விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் தெர்மாகோல் பெட்டி, அய்ஸுக்குள் ஆறு தினுசு பீர் டப்பா. இது குடிக்கிற கூட்டம் இல்லையாம், 'டேஸ்டிங்'காம். வீட்டுக்காரர் என்னோடு வங்கியில் வேலை பார்க்கும் அதிகாரி. அவர் பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். சிறு ஆலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சுகிற பீரை 'கிராஃப்ட் பீர்' என்கிறார்கள். புதுசு புதுசாக வருவதை ருசித்து, செல்போன் செயலியில் அய்ந்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, நாலு வரி அபிப்பிராயம் எழுதுவது அவன் பொழுதுபோக்கு. லீவுக்கு வந்தவன் அப்பாவின் நண்பர்களுக்கும் ருசி காட்ட ஆசைப்பட்டான். நல்ல பையன்தான்.

"கவிஞரே, நீங்க வந்தாத்தான் வர்ணனை நன்னாருக்கும், அவசியம் வரணும்" என்று சார் கூப்பிட்டார். போனேன்.

கிளாஸ் அய்ந்து இருந்தன. சின்னச் சின்னதாய், வாய் குவிந்த கண்ணாடிக் கிளாஸ். வாசம் சிதறாமல் நேரே மூக்குக்கு வரணும் என்பதற்காக அந்த வடிவமாம். ஆறாவது ஆளுக்குப் பேப்பர் கப் வந்தது. ஆறாவது ஆள் நான்.

இந்த இடத்திலேயே தோழர்கள் சிலர் முஷ்டியை உயர்த்துவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். செட்டில் ஒரு கிளாஸ் உடைந்து போயிருக்கலாம். கடைசியாக வந்தவன் நான்தான் என்பதும் உண்மை. எண்ணிக்கை குறைவது தற்செயலாகவே இருக்கட்டும். குறைகிற இடத்தில் எப்போதும் நானே உட்கார்ந்திருப்பதுதான் முப்பத்தாறு வருடமாக எனக்குப் பிடிபடாத தற்செயல். லால்குடிப் பக்கம் பண்ணையாளாக இருந்த என் தாத்தாவுக்குக் கள்ளுக்கடையில் கொட்டாங்குச்சி. எனக்கு ஸ்ரீரங்கத்தில் பேப்பர் கப். நல்ல முன்னேற்றம். அதுவும் ஒரு தடவை குடித்துவிட்டு எறிவது, யாரும் கழுவ வேண்டியதில்லை.

முதல் டப்பா கோதுமை பீர். எல்லோரும் கிளாசை ஆட்டி, மூக்கை நுழைத்து, கண்ணை மூடினார்கள். பையன் இங்கிலீஷில் "கனிந்த வாழைப்பழம், பின்னால் லேசாய்க் கிராம்பு" என்றான். சரியாகத்தான் சொன்னான். கோதுமை பீருக்கென்று இருக்கிற ஈஸ்ட் நொதிக்கும்போது அய்சோஅமைல் அசிடேட் என்று ஒரு பொருளை உண்டாக்குகிறது. வாழைப்பழத்தின் வாசனையும் பெரும்பாலும் அதுதான். பீரில் வாழைப்பழம் போடாமலே வாழைப்பழம் மணக்கும். (பவேரியாவில் கோதுமை பீர் காய்ச்சுகிற உரிமையே ரொம்ப காலம் பிரபு வம்சத்தின் ஏகபோகமாக இருந்தது. ஜெர்மானியனுக்கும் இந்த வியாதி உண்டு.)

"கவிஞர் சொல்லுங்கோ."

சொன்னேன். "காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டியில, கடைசி லாரி போனப்புறம் தரையில மிதிபட்டுக் கெடக்குமே பூவன் பழம், அந்த வாசம் சார்."

சிரிப்பு. "என்னய்யா, ருசிக்கச் சொன்னா குமட்ட வைக்கிறீரே!" என்றார் ஒருவர்.

அவன் சொன்ன வாழைப்பழமும் நான் சொன்ன வாழைப்பழமும் ஒரே வாசம்தான். பையனுடைய பழம் தட்டில் இருக்கிறது, என்னுடையது தரையில் கிடக்கிறது. நான் பழத்தை முதலில் பார்த்தது தரையில்தான், என்ன செய்ய? ஆனால் வாசத்தைச் சரியாகப் பிடித்தது யார் என்று கேளுங்கள். பழுத்துப் பிளந்து புளிக்கத் தொடங்கின பூவனுக்குத்தான் அந்தக் கிராம்புக் காரம் வரும். தட்டில் இருக்கிற பழத்துக்கு வராது.

நாலாவது டப்பா புளிப்பு பீர். அதில்தான் விஷயம் முற்றியது. இந்த வகையின் மூலம் பெல்ஜியம். பிரஸ்ஸல்ஸ் பக்கம் 'லாம்பிக்' என்கிறார்கள். காய்ச்சிய சாற்றை அகலத் தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்து வைப்பார்கள். காற்றில் திரிகிற காட்டு ஈஸ்ட் தானாக வந்து விழும். அப்புறம் மரப்பீப்பாயில் வருடக்கணக்காகக் கிடக்கும். பையன் ஆசையோடு விளக்கினான். கடைசியில் கண் விரிய ஒரு வார்த்தை சொன்னான். "இதுல பார்ன்யார்ட் இருக்கு அங்கிள், ஃபென்டாஸ்டிக்!"

பார்ன்யார்ட் என்றால் தொழுவம். மாட்டுத் தொழுவத்தின் வாசம் இந்தப் பீருக்குப் பெருமை. பிரெட்டனோமைசிஸ் என்கிற ஈஸ்ட் தருகிற அந்த வாசத்துக்கு 'குதிரைப் போர்வை' என்றுகூட ருசிக்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பாராட்டுப் பெயர். அந்த வாசத்துக்கு அன்றைக்குக் கிடைத்த மார்க் அய்ந்துக்கு நாலரை.

எனக்கு என் ஆயா ஞாபகம் வந்தது. கொள்ளிடக் கரைச் சேரியிலிருந்து விடிகாலையில் இதே ஸ்ரீரங்கத்துக்கு நடந்து வரும். வீடுகளின் கொல்லைப்புறச் சந்து வழியாக உள்ளே போய் மாட்டுக் கொட்டகை கழுவி, சாணி அள்ளி, வரட்டி தட்டிவிட்டு, அதே சந்து வழியாகத் திரும்பும். வாசல் வழி கிடையாது. ஆற்றில் குளித்து, சீயக்காய் தேய்த்து, கதம்பம் வைத்துக்கொண்டு கோவில் தெருவில் போனாலும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்குகிறவர்கள் உண்டு என்று சொல்லும். "சாணி நாத்தமாம்டா. அவங்க மாட்டு சாணிதானடா" என்று சிரிக்கும். அதன் பல்லில்லாத சிரிப்பு. எங்கள் தோல் மேல் ஏறினபோது அது நாற்றம். பெல்ஜியம் போய் டப்பாவில் அடைந்து இங்கிலீஷ் பேசிக்கொண்டு வந்தால் நாலரை மார்க்.

சுவை என்பது நாக்கின் மேல் இருக்கிற இயற்கையான விஷயம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. எந்த நாக்கு பேசினால் ரசனை, எந்த நாக்கு பேசினால் அசிங்கம் என்பதை நாக்கு முடிவு செய்வதில்லை. பீர் வாசங்களைச் சக்கரமாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, உலகத்துக்கே பொது மொழியாக்கினார் மார்ட்டன் மெய்ல்கார்ட் என்கிற டென்மார்க்காரர், 1970களில். உபயோகமான வேலைதான், குறை சொல்லவில்லை. அந்தச் சக்கரத்தில் கேப்பங்கூழ் கிடையாது, நீச்சத்தண்ணி கிடையாது. அன்றைக்கு அய்ந்தாவதாகத் திறந்தது பெங்களூரில் காய்ச்சின கேழ்வரகு பீர். நான் "ரெண்டாம் நாள் கூழு" என்றேன். பையன் கொஞ்சம் யோசித்து "மில்லட்டி" என்று திருத்தினான்.

அப்போதுதான் சார் என் பக்கம் திரும்பி, ரொம்பப் பிரியமாகக் கேட்டார். "கள்ளோட ஒப்பிட்டா எப்படி இருக்கு? உங்களுக்குத்தான் தெரியுமே."

எனக்கு எப்படித் தெரியும்? தமிழ்நாட்டில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை விழுந்தது 1987 ஜனவரி 1. நான் பிறந்தது 1989. நான் ஒரு மிடறு கள் குடித்ததில்லை. ஆனால் என் ரத்தத்திலேயே கள் ஓடுவதாக சார் நம்புகிறார். (அதே 1987 மார்ச்சில்தான் எதிரே நிற்கிற இந்த 236 அடி ராஜகோபுரமும் கட்டி முடித்துக் குடமுழுக்குக் கண்டது. ஒன்று இறங்கியது, ஒன்று ஏறியது.)

சார் கேட்டது அறியாமை. பக்கத்தில் இருந்த நண்பர் பேசியதுதான் அரசியல். அவர் கடவுள் மறுப்பாளர், பெரியார் சிலைக்கு மாலை போடுகிறவர், ஊரில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். "தோழர், வெள்ளைக்காரன் பீருக்கு இவ்வளவு ஆட்டம். நம்ம கள்ளு என்ன மட்டம்? அதுவும் காட்டு ஈஸ்ட்தானே? கள் விடுதலைதான் தமிழன் விடுதலை" என்று முழங்கினார்.

அவர் சொன்ன விஞ்ஞானம் சரி. பாளையைச் சீவிக் கலயம் கட்டினால், சுண்ணாம்பு தடவாத கலயத்தில் சொட்டு விழும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். தடவினால் பதநீர். மரத்தின் மேலேயே, யாரும் ஈஸ்ட் போடாமல் பீரின் அளவுக்குப் போதை ஏறிவிடுகிறது. லாம்பிக்கின் தத்துவமும் இதேதான். பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இங்கே பனையேறி மேல் கேஸ். கேரளத்தில் கள்ளுக்கடைக்கு உரிமம், பாலக்காட்டு எல்லையைத் தாண்டினால் குற்றம். இந்த அநியாயத்தை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் 'நம்ம கள்ளு' என்பதில் வருகிற 'நம்ம' யார்? கள்ளுக்கடை திறந்திருந்த காலத்தைத் தாத்தா எனக்குச் சொல்லியிருக்கிறார். உள்ளே பெஞ்சும் குவளையும் ஊர்த்தெருவுக்கு. சேரிக்காரன் வேலிக்கு வெளியே குத்த வைத்து உட்கார்ந்து கொட்டாங்குச்சியை நீட்டணும். கைபடாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். மேலே சிந்தும். சிந்தியதற்கும் காசு. ராத்திரி கூலி கேட்டால் பாதிக் காசு, பாதிக் கள். 'இயற்கை பானம்', 'உழவர் உரிமை', 'தமிழர் மரபு' என்று கள் இயக்கம் மேடை போடட்டும். அந்த மேடையில் கொட்டாங்குச்சியைப் பற்றி ஒரு வார்த்தை யாராவது பேசினால் நான் கீழே உட்கார்ந்து கை தட்டுகிறேன். அதுவரை தோப்புக்காரருடைய விடுதலைக்கு என் தாத்தாவின் தாகத்தைக் கடன் கேட்காதீர்கள்.

பி.ஏ. தமிழ் படித்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பீர் மேலைநாட்டுச் சரக்கு, கள்தான் நம்முடையது என்று இரண்டு தரப்பும் ஒத்துப் பேசுகிறதே, அது தப்பு. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் மது செய்கிற பக்குவம் வருகிறது. அரிசியைக் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்து, முளைவிட்ட தானியத்தை இடித்துச் சேர்த்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு வைத்திருந்து விரலால் அரித்துப் பிழிகிறார்கள். முளைகட்டிய தானியம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், சர்க்கரை போதையாகும். பார்லிக்குப் பதில் நெல் போட்டால் பீர் இதுதான். சிறு ஆலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சியதும் இதுதான். காய்ச்சியவர்கள் மீன் பிடிக்கிறவர்கள்.

ஆற்றுப்படை என்றால் என்ன? பரிசு வாங்கி வந்த பாணன் எதிரே வருகிற இன்னொரு பாணனிடம், இந்த வழியாகப் போ, இந்த ஊரில் இது கிடைக்கும், அதன் ருசி இப்படி என்று சொல்வது. பையன் செல்போனில் செய்கிற அதே வேலை. தமிழில் ருசித்துப் பார்த்து அபிப்பிராயம் சொல்வதைத் தொழிலாக வைத்திருந்தவன் பாணன். வாயும் வயிறும் யாழுமாகத் திரிந்தவன். சங்க காலப் பொற்காலம் என்று ஒப்பாரி வைக்க இதைச் சொல்லவில்லை, அது மேடைத் தமிழர்களின் வேலை. அந்தப் பாணன் பிற்பாடு என்ன ஆனான் என்பதுதான் எனக்கு வேண்டும். அது இதே ஊர்க் கதை.

திருப்பாணாழ்வார் உறையூர்க்காரர், பாணர் குலம். காவிரியின் தென்கரையில் நின்று பாடலாம், ஆற்றைத் தாண்டி வரக்கூடாது. தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனி, வழியில் நின்றவர் மேல் கல்லெறிந்தார், நெற்றியில் ரத்தம். அப்புறம் பெருமாள் கட்டளையாம், அதே முனி அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனாராம். பத்துப் பாசுரம் பாடிக் கருவறையில் கலந்துவிட்டாராம். பக்தர்கள் உருகுகிற கதை. நான் அதைப் படிக்கிற விதம் வேறு. பாணனுடைய கால் கடைசிவரை ஸ்ரீரங்கத்து மண்ணில் படவில்லை. உள்ளே போனவன் வெளியே வரவுமில்லை. தில்லையில் நந்தன் போன வழிதான். கள்ளும் கறியும் தின்று ருசி சொன்ன வாய்க்குப் பத்துப் பாட்டு பாட மட்டும் அனுமதி கிடைத்தது, அதுவும் பெருமாளைப் பற்றி.

இனி என் அப்பா.

அவர் துப்புரவுத் தொழிலாளி. ஒப்பந்தக்காரரிடம் வேலை. பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இறங்குவார். மனிதனை மலம் அள்ள வைப்பதற்கு 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் தடை போட்டது. இரண்டு சட்டத்துக்கு நடுவிலும் பின்னாலும் அவர் இறங்கிக்கொண்டுதான் இருந்தார். இறங்குவதற்கு முன்னால் ஒரு கட்டிங் பிராந்தி. டாஸ்மாக் பாரின் ஓரத்தில் நின்றபடி, பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணி கலந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் விழுங்குவார். ஏம்ப்பா மூக்கைப் பிடிக்கிற என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "நாத்தம் தெரியாம இருக்கத்தான்டா குடிக்கிறதே. அதுக்கே நாத்தம் புடிச்சா?" என்றார்.

மாடியில் அன்றைக்கு அய்ந்து பேர் வாசம் பிடிப்பதற்காகக் குடித்தார்கள். என் அப்பா வாசம் தெரியாமலிருப்பதற்காகக் குடித்தார். பீர் பற்றிய எந்தப் புத்தகத்திலும் இந்த இரண்டாவது வகைக் குடிக்குப் பெயர் வைக்கவில்லை.

அவருக்கு நாக்கு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு இது காவிரி ஊற்று, இது கொள்ளிடம், இது போர் தண்ணி என்று சொல்லுவார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. ரேஷன் அரிசியை மென்று பார்த்து எத்தனை மாதம் கிடங்கில் கிடந்தது என்பார். அப்படிப்பட்ட நாக்கு இருபத்தைந்து வருடம் ஒரே பிராந்தியைக் குடித்தது. எப்படி இருக்கு என்று அவரிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. ஈரல் வீங்கிச் செத்துப்போனார்.

சில்லறை விற்பனையை 2003இல் அரசே எடுத்துக்கொண்டது. 2023-24இல் டாஸ்மாக் வழியாக வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். அந்தக் கோடிகளுக்குள் எங்கள் வீட்டு அரிசிக் காசும் கிடக்கிறது. டாஸ்மாக்கில் வாங்க முடியாதவன் எங்கே போவான்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள், அன்றாடக் கூலிகள். கலந்திருந்தது மெத்தனால். மெத்தனாலுக்கும் எத்தனாலுக்கும் நாக்கில் பெரிய வித்தியாசம் தெரியாது. உள்ளே போனபின் ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும்போதுதான் கண் இருளும். அதற்கு மாற்று மருந்துகளில் ஒன்று நல்ல எத்தனாலேதான். எவ்வளவு பயின்ற ருசிக்காரரும் அந்தப் பாக்கெட்டைக் கண்டுபிடித்திருக்க மாட்டார். ஆனால் எவ்வளவு பயின்ற ருசிக்காரரிடமும் அந்தப் பாக்கெட் வந்து சேராது.

வெளிமாநில மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். பாண்டியிலிருந்து நாலு குவார்ட்டரை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறுகிறவன் 'கடத்தல்காரன்'. தரையில் உட்கார வைத்து, முன்னால் பாட்டிலை அடுக்கிப் போட்டோ எடுப்பார்கள். பெங்களூர் ரயிலில் தெர்மாகோல் பெட்டியோடு வந்தால் அது 'கலெக்‌ஷன்'. மாடியில் இதை நான் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஆறாவது டப்பாவைத் திறந்தார்கள்.

இப்போது நம் ஆட்களிடம் வருகிறேன். இதைப் படித்துவிட்டு, "தலித் பத்திரிகையில் குடியைப் பற்றி ரசித்து எழுதுவதா?" என்று கேட்கப் போகிறீர்கள். 1956இல் நாகபுரியில் பாபாசாகேப் கொடுத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தாமையும் ஒன்று. அயோத்திதாசர் பேசிய பஞ்சசீலத்திலும் அது இருக்கிறது. 2024 அக்டோபர் 2 உளுந்தூர்பேட்டை மதுஒழிப்பு மாநாட்டுக்கு என் அம்மா வேன் ஏறிப் போனது. திரும்பி வந்து இரண்டு நாள் தொண்டை கட்டியிருந்தது, அவ்வளவு கோஷம். அம்மாவுடைய கோஷத்துக்கு எதிராக என்னிடம் ஒரு வார்த்தையும் கிடையாது. கடையை மூடு என்று சொல்ல இந்த நாட்டில் முதல் உரிமை அதற்குத்தான்.

என் சண்டை வேறு. குடிப்பவன் என்றாலே நம் பத்திரிகைகளும் சேரிக்காரன் படத்தைத்தான் போடுகின்றன. திருத்தப்பட வேண்டியவன், மீட்கப்பட வேண்டியவன், இழிவிலிருந்து தூக்கப்பட வேண்டியவன். மாடியில் உட்கார்ந்து நாலரை மார்க் போடுகிறவனை ஒருத்தரும் மீட்கக் கிளம்பவில்லையே, ஏன்? அவனுக்குக் குடி ரசனை, நமக்குக் குடி வியாதி என்கிற மேல்சாதிப் பிரிவினையை நாமும் அப்படியே முழுங்கிவிட்டோம். குடிக்காதே என்று என் ஜனத்திடம் சொல்லுங்கள், நானும் கூட வந்து சொல்கிறேன். உனக்கு நாக்கே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கூழின் புளிப்பு, பிளந்த பூவன், கொட்டகைச் சாணி, ஊற்றுத் தண்ணி இதையெல்லாம் பெயர் சொல்லி எழுதுவது யார் வேலை? பெங்களூர்ப் பையன் வந்து எழுதித் தருவான் என்று காத்திருக்கிறோமா?

திங்கட்கிழமை கவுண்டரில் கூட்டம் குறைந்த நேரத்தில் சார் வந்தார். "பையன் கேக்கறான் கவிஞரே, நீங்க மார்க்கே போடலையாம். அந்தப் பூவன் பழம் அவனுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. தன் அபிப்பிராயத்துல எழுதிப் போட்டுட்டான். அடுத்த மாசம் மறுபடி வரான், அவசியம் வரணும்."

"வரேன் சார். கிளாஸ் ஆறு இருக்குமா?"

சார் என் கையிலிருந்த வவுச்சரை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். "மேனேஜர் கூப்பிடறார்" என்று உள்ளே போனார்.